குறை சொல்லியே எங்களை நிறைத்த நிழலக்காவுக்கு

ஒளியை ஊற்றத் தெரிந்தவர்கள் நூறு பேர் உலவும் துறையில், ஒளியை ஒடுக்கத் தெரிந்த ஒருவராக ஓங்கி நின்றவரே! இருளுக்கு இருக்கை தந்து, நிழலுக்கு நிழலாய் நின்று, முகங்கள் முகங்களாகவே இருக்க முழு உரிமை வாங்கித் தந்த ஒளிப்பதிவுத் திருமகளே! முப்பத்தெட்டு ஆண்டுகள் கருவிக்குப் பின்னால் நின்றும், கருவியை ஒரு நாளும் மனிதருக்கு முன்னால் நிறுத்தாத முதல்வியே! எங்கள் கண்ணுக்குக் கண்ணான நிழலக்காவே! வணக்கம்.

போதும், நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் புருவம் இந்நேரம் ஏறியிருக்கும். ஓய்வு விழா மேடையில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தி, "இவ்வளவு வெளிச்சம் எதுக்கு? குறை" என்று இதை வாசிப்பவரிடம் சைகை காட்டிக்கொண்டிருப்பீர்கள். பட்டங்கள் இல்லாமல் பாராட்டு மடலா என்று அடம்பிடித்தவர் விளக்குப் பிரிவின் தலைவரான எங்கள் லைட் மாமா. பதினேழு பட்டங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். பேரம் பேசி நான்கில் முடித்தோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு முதலில் டேப்பு அண்ணன் தலையில்தான் விழுந்தது. கேமராவுக்கும் நடிகரின் கண்ணுக்கும் நடுவே எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து, படம் மங்காமல் ஃபோகஸ் பிடிப்பவர் அவர். அளவு டேப்பை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பத்தொன்பது ஆண்டுகள் உங்கள் வலப்பக்கம் நின்றதில், பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு தங்கிவிட்டது. "எனக்கு அளக்கத்தான் தெரியும், புகழத் தெரியாது" என்று அவர் கையை விரித்ததால், அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினோம். அவர் மனத்துக்குள் நடந்ததாக இதில் வருவதெல்லாம் அவரே வாய்விட்டு ஒத்துக்கொண்டவை. நாங்களாகக் கை வைத்தது கொஞ்சம்தான்.

கனத்தைக் கண்டு கலங்காத கரத்தவரே! (இது மாமா நைசாக நுழைத்த ஐந்தாவது.) முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கேமராப் பிரிவில் உதவியாளராகச் சேரப் போன உங்களிடம், அங்கிருந்த பெரியவர் ஒருவர் கேமரா நிறுத்தும் முக்காலியைக் காட்டி, "பொம்பளப் பிள்ளையால இத தூக்க முடியுமாம்மா?" என்று கேட்டாராம். தூக்கிக் காட்டினீர்கள். இறக்கி வைத்தபோது அது அவர் கால்மேல் இறங்கியது தற்செயல் என்றே இன்றுவரை சாதிக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகள் அடுத்தவருக்காகத் தூக்கி, அதன்பின் இருபத்தொன்பது ஆண்டுகள் ஒளிப்பதிவாளராக முப்பத்துமூன்று படங்களைத் தோளில் தாங்கினீர்கள். அந்தப் பெரியவர் மட்டும் உங்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்பார்.

உங்கள் வேலை முறையை நினைத்தால் எங்களுக்கு இன்றும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. ஒரு வீட்டுக்குள் படம்பிடிக்கப் போனால் மற்றவர்கள் வண்டியிலிருந்து விளக்கை இறக்குவார்கள். நீங்களோ அங்கே எரிகிற விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு, சன்னலோரம் நாற்காலியைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருவீர்கள். தயாரிப்பு மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எந்தக் கதவிடுக்கில் வெளிச்சம் தானாக நுழைகிறது, எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, அந்த வீட்டில் நிஜமாகவே ஒருத்தி இருந்தால் எங்கே உட்கார்ந்து கடிதம் படிப்பாள் என்றெல்லாம் கண்ணால் துழாவிவிட்டு, எழுந்து வந்து ஒரே ஒரு விளக்கைக் காட்டுவீர்கள். மாமா ஏழு கொண்டுவந்திருப்பார். ஆறு வண்டியிலேயே தூங்கும். எரிகிற ஒன்றையும் பார்த்து "குறை" என்பீர்கள். மறுபடியும் "குறை." மாமாவின் முகம் விளக்கைவிட வேகமாக மங்கும்.

முகங்களிடத்தில் உங்களுக்கு இருந்த மரியாதையை மேக்கப் அக்கா சொல்ல வேண்டும். கருத்த நிறமுள்ள கதாநாயகி ஒருவர், போன இடமெல்லாம் மூன்று பூச்சுப் பூசியே பழக்கப்பட்டவர், உங்கள் படத்தின் முதல் நாளில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக் கன்னத்தைத் தானாக நீட்டினார். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "முகத்த வெளுக்காத. நான் விளக்க நகத்திக்கறேன்" என்றீர்கள். "அப்ப இத தொடச்சிடலாமா? நிஜமாவா?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாராம். துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அன்றைக்கு அழுதவர் அவர் மட்டுமல்ல என்று மேக்கப் அக்கா சொல்கிறார்.

குறை என்ற சொல் விளக்குக்கு மட்டுமே இருந்த காலம் ஒன்று உண்டு. அது மனிதர்களுக்கும் ஆன கதையை, புதிதாக வந்தவர்களுக்காகவும் இந்த மடலைச் சுவரில் பார்க்கப் போகிறவர்களுக்காகவும் இங்கே பதிக்கிறோம்.

நீங்கள் தனித்து ஒளிப்பதிவு செய்த முதல் படம் அது. உயரமான சாரத்தில் விளக்கோடு நின்றிருந்த ஒரு லைட்மேனுக்கு விடிந்ததிலிருந்தே தலைசுற்றல். சொல்லாமல் ஏறினார், சொல்லாமலே விழுந்தார். தோள் எலும்பும் இடுப்பும் போயின, உயிர் தப்பியது. மருத்துவமனையில் கட்டிலோரம் நின்று கேட்டீர்கள்.

"காலையிலயே தல சுத்துச்சுன்னா ஏன்யா சொல்லல?"

"சொன்னா நாளைக்குக் கூப்பிட மாட்டீங்களேக்கா."

அந்தப் பதில் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது என்று பிற்பாடு சொன்னீர்கள். வெளியே வந்து உதவி இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, "நாளைக்கு முதல் வேலையா எல்லார்கிட்டயும் குறை கேக்கணும். யாருக்கு என்ன முடியலையோ வாய்விட்டுச் சொல்லட்டும்" என்றீர்கள். இணைப்பில் ஒரே இரைச்சல். அவர் காதில் விழுந்ததை அப்படியே மறுநாள் வேலைப் பட்டியலில் எழுதி ஒட்டிவிட்டார்: காலை 6.45, எல்லாரையும் குறை.

மறுநாள் காலையில் நாற்பது பேரும் வெளிறிய முகத்தோடு வரிசையாக நின்றார்கள். மூன்று பேர் பையைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். ஒருவர் அதற்குள் வேறு கம்பெனியில் சொல்லியும் வைத்துவிட்டார். "என்னய்யா, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று நீங்கள் கேட்க, ஒருவர் பட்டியலைக் காட்டினார். படித்தீர்கள். நீங்கள் சிரித்து அந்தக் குழு பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஆளக் குறைக்கலப்பா. ஆளோட குறையக் கேக்கறேன்" என்றீர்கள். அன்றையிலிருந்து எந்தப் படமானாலும் பட்டியலின் முதல் வரி அதுவேதான்: 6.45, குறை.

வட்டமாக நிற்க வேண்டும். இன்றைக்குத் தன்னால் முடியாதது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அதற்காக ஒருவரையும் அனுப்பக் கூடாது. வட்டத்தில் யாரால் முடியுமோ அவர், "நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவர் ஐந்து மாதம் கழித்து ஊன்றுகோலோடு திரும்பி வந்து, "எனக்கு இனிமே ஏணி முடியாது" என்றார். விளக்குப் பிரிவில் ஏணி முடியாதவருக்கு என்ன வேலை என்று ஊரே கேட்டது. நீங்கள் அவரைத் தலைவராக்கினீர்கள். அவர்தான் எங்கள் லைட் மாமா. உங்களைவிட ஏழு வயது இளையவர். கல்யாண வீட்டு மாமா மாதிரி எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பதால் நீங்களும் அவரை மாமா என்றே அழைக்கிறீர்கள்.

வட்டத்தில் கடைசி முறை எப்போதும் உங்களுடையது. "எனக்குப் பாட முடியாது" என்பீர்கள். "நாங்க பாத்துக்கறோம்" என்று அத்தனை பேரும் கத்துவோம். இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒரே நகைச்சுவை, ஒரே சிரிப்பு.

அரவணைப்பை ஆரவாரமின்றி அன்றாடமாக்கிய அன்னையே என்று இந்த இடத்தில் ஒரு பட்டம் சேர்க்க மாமா மறுபடி முயன்றார். நாங்கள் தடுத்துவிட்டோம். ஆரவாரமின்றி என்பது அப்பட்டமான பொய். கத்தினீர்கள் அக்கா! பெண்களுக்குக் கழிப்பறை ஏற்பாடு ஆகாத இடத்தில் கேமராப் பெட்டி திறக்காது என்று சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கத்தினீர்கள். காட்சித் தொடர்ச்சியைக் குறித்துக்கொள்ளும் அம்மாள் சக்கர நாற்காலியில் வருபவர் என்றதும், அவருக்குச் சரிவுப் பலகை போட்டுவிட்டுக் கேமராவுக்குத் தண்டவாளம் போடுங்கள் என்று கத்தினீர்கள். கிளாப் அடிக்கும் தங்கைக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளில் மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டு, அவளிடமே பதினொரு கைச் சைகைகளைக் கற்றுக்கொண்டு, அறுபது பேரையும் கற்க வைத்தீர்கள். எங்கள் தளம் அதன்பிறகு நூலகம் போல ஆயிற்று. ஒலிப்பதிவாளர் அந்தத் தங்கையைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்லும் இடத்துக்கு வருகிறோம். சட்டமிட்டு மாட்டப் போகும் மடலில் இது வேண்டாமே என்று எங்களில் பாதிப் பேர் தயங்கினோம். டேப்பு அண்ணன்தான், "இது இல்லேன்னா மத்ததெல்லாம் வெறும் புகழ்ச்சியாப் போயிடும்" என்றார்.

உங்கள் கடைசிப் படம். நாற்பது நாள் வேலை. அக்காவும் தங்கையும் ஒரு வீட்டைப் பிரித்துக்கொள்ளும் கதை. பெரிய கொட்டகைக்குள் வெள்ளைச் சுவர் வைத்த அறை ஒன்றை அமைத்திருந்தோம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விளக்கைப் பார்த்து, "கூட்டு" என்றீர்கள். மாமா தம் காதைத் தாமே நம்பவில்லை. மறுபடியும் "கூட்டு" என்றீர்கள். இருபத்தொன்பது ஆண்டுகளாக வண்டியில் தூங்கிய ஆறு விளக்குகளும் அன்றைக்குக் கண் விழித்தன. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மானிட்டர் மஞ்சளாகக் காட்டுகிறது என்றீர்கள். மாற்றினோம். அதுவும் மஞ்சள் என்றீர்கள். அதையும் மாற்றினோம். அப்படியானால் சுவர்தான் மஞ்சள் என்றீர்கள். கலை இயக்குநர் அன்று மத்தியானத்துக்குள்ளேயே புது வெள்ளை அடித்தார். அதுவும் மஞ்சளாம். கடைசியில் வெள்ளையில் நீலம் கலந்து அடித்ததும், "இப்பதான்யா வெள்ள" என்றீர்கள். எங்கள் கண்ணுக்கு அது நீலத்தில் முக்கியெடுத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது. ஆனால் நிழலக்கா கண் தப்புமா? எங்கள் கண்ணில்தான் கோளாறு என்று ஆளாளுக்குக் கசக்கிக்கொண்டோம். கலை இயக்குநர் ஒரு படி மேலே போய், கண் மருத்துவரைப் பார்த்துத் தம் பார்வையில் பழுதில்லை என்று சீட்டே வாங்கி வந்தார். அப்போதும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது டேப்பு அண்ணனுக்கு. எப்போதும் வலக்கண்ணால் பார்க்கிற நீங்கள், கேமராவில் இடக்கண்ணை வைக்கத் தொடங்கியிருந்தீர்கள். கழுத்துப் பிடிப்பு என்றீர்கள், சரி என்று விட்டார். ஆனால் இருபத்திரண்டாம் நாள், மேசைமேல் இருந்த டீ கிளாஸை எடுக்கப் போன உங்கள் கை, கிளாஸுக்கு மூன்று அங்குலம் தள்ளிப் போய் வெறும் மேசையைப் பிடித்தது. அளப்பவர் கண்ணுக்கு மூன்று அங்குலம் தெரியாமல் போகுமா? கேமரா வண்டிக்குள் உங்களோடு தனியாக இருந்தபோது மெல்ல வாயைத் திறந்தார்.

"அக்கா, ஒரு எட்டு கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா?"

"ஏன், உனக்குத் தெரியலயா?"

"எனக்கில்லக்கா..."

"நாப்பது நாள் படம். என் கடைசிப் படம். லென்ஸத் தொடச்சு வை."

துடைத்தார். வேறு என்ன செய்வார்? தயாரிப்பாளர் காதில் விழுந்தால் மறுநாளே வேறொருவர் வந்து உங்கள் இடத்தில் நிற்பார், கடைசிப் படம் கைநழுவிப் போகும். காதில் விழாவிட்டால், நிழலக்கா என்ற பெயருக்கு நிழலே இல்லாத படம் ஒன்று நிரந்தரமாக நிற்கும். சொன்னாலும் துரோகம், சொல்லாவிட்டாலும் துரோகம் என்று மனிதர் நொந்துபோனார். "ஏன் சோத்தக்கூட அளந்து அளந்து சாப்பிடறீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாராம். எல்லாவற்றையும்விட அவரை அறுத்தது 6.45 மணி. குறையைச் சொல்லாமல் மறைத்தால் ஆள் விழும் என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். அந்த நீங்களே ஒவ்வொரு காலையும் வட்டத்தில் நின்று, "எனக்குப் பாட முடியாது" என்று சொல்ல, நாங்கள் எல்லாரும் சிரிக்க, அவர் மட்டும் சிரிக்க முடியாமல் ஒன்பது காலைகளைத் தள்ளினார்.

முப்பத்தோராம் நாள். அன்றைக்கென்று பார்த்துத் தயாரிப்பாளரும் காலையிலேயே வந்து, கை கட்டி, வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். மாமா தொடங்கினார். "எனக்கு ஏணி முடியாது." "நான் பாத்துக்கறேன்" என்றது ஒரு குரல். மேக்கப் அக்கா, "மத்தியானத்துக்கு மேல நிக்க முடியாது, கால் வீங்குது" என்றார். நாற்காலி போடுகிறேன் என்றார் ஒருவர். சுற்றி வந்து டேப்பு அண்ணன் முறை. இடுப்பில் இருந்த டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்னால பொய் சொல்ல முடியாது" என்றார்.

வட்டத்தில் எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"யாரு உன்ன பொய் சொல்லச் சொன்னது?" என்றீர்கள். குரலில் சூடு இருந்தது.

"நீங்கதாங்கக்கா. சொல்லாம சொல்லச் சொல்றீங்க. ஒம்பது நாளாச்சு. என்னால முடியல. யாராவது பாத்துக்குங்க."

அவர் குனிந்துகொண்டார். அடுத்த முறை உங்களுடையது. வழக்கமான வரியைச் சொல்ல வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள். தயாரிப்பாளர் நிற்பது உங்களுக்கும் தெரியும். அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கு வலது கண்ணு தெரியல" என்றீர்கள். "இடதும் பாதிதான். வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுது. நாலு மாசமா இப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னா நாளைக்குக் கூப்பிட மாட்டீங்களோன்னு..." என்றவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. யார் சொன்ன சொல் அது என்பது வட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அதைச் சொன்னவர்தான் முதலில் வாய் திறந்தார். "அவ்ளோதானா?" என்றார் மாமா. கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. "கூட்டு கூட்டுன்னதும் அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா! கண்ணுதானே? நான் பாத்துக்கறேன்."

"நானும் பாத்துக்கறேன்" என்றார் மேக்கப் அக்கா. காட்சித் தொடர்ச்சி அம்மாள், ஒலிப்பதிவாளர், தண்டவாளம் தள்ளுபவர் என்று வட்டம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக அதே சொல். கிளாப் தங்கை நெஞ்சைத் தொட்டுக் கண்ணைத் தொட்டு அதே சொல்லைக் கையால் சொன்னாள்.

தயாரிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டோம், யாராக இருந்தாலும் கேட்பார்கள். "அதெல்லாம் சரிங்க. கண்ணு தெரியாதவங்கள வெச்சு எப்படிங்க கேமரா வேல?"

மாமா நிதானமாகத் திரும்பினார். "சார், எனக்கு இருபத்தொம்பது வருஷமா ஏணி முடியாது. ஒரு விளக்காவது மேல போகாம இருந்துச்சா?"

தயாரிப்பாளர் மேலே பார்த்தார். கொட்டகையின் உச்சியில் ஏழு விளக்குகளும் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு, "அப்ப நான் டாக்டர் ஏற்பாட்டப் பாத்துக்கறேன்" என்றார். அவரையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டோம்.

அன்று மாலையே மருத்துவர் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை, பயப்பட ஒன்றுமில்லை, பத்து நாள் பொறுத்தாலும் கெட்டுப்போகாது, அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும் என்றார். வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது எங்களுக்கு. சுவருக்கு மூன்றாம் தடவையாக வெள்ளை அடித்தோம். மறுநாள் காலை, சன்னலோரம் அக்காவாக நடிப்பவர் உட்கார்ந்திருந்தார். ஏழு விளக்குகளும் எரிந்தன. நீங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டீர்கள்.

"இடது கன்னத்துல நிழல் எங்க முடியுது?"

டேப்பு அண்ணன் டேப்பை நீட்டிப் பார்த்தார். "நிழலே இல்லக்கா."

"தோல் எப்படித் தெரியுது?"

மேக்கப் அக்கா சொன்னார். "மெழுகு பூசின மாதிரி."

உங்கள் உள்ளங்கை கீழ்நோக்கித் தாழ்ந்தது. "குறை."

ஒரு விளக்கு அணைந்தது. "குறை." இன்னொன்று. கைதட்டக் கூடாது என்பது தளத்தின் விதி. ஆனால் நாங்கள் ஒவ்வொரு விளக்குக்கும் உள்ளுக்குள் கைதட்டினோம். ஏழு விளக்குக்கு ஆசைப்பட்ட மாமாவே ஆறாவதைத் தம் கையால் அணைத்தார். "இப்ப உதட்டோரம் வரைக்கும் இருட்டுக்கா" என்றார் டேப்பு அண்ணன். "அப்ப எடு" என்றீர்கள். மிச்சம் இருந்த நாள்கள் முழுக்க அப்படியே எடுத்தோம். அளவு அண்ணனுடையது, நிறம் மேக்கப் அக்காவுடையது, விளக்கு மாமாவுடையது. முடிவு மட்டும் எப்போதும்போல உங்களுடையது. அந்த ஒன்பது நாள்போல நிம்மதியாக நாங்கள் வேலை செய்ததில்லை. மறைக்க ஒருவரிடமும் ஒன்றுமில்லை.

முதல் கண்ணில் கட்டுப் பிரித்த அன்று டேப்பு அண்ணன்தான் கட்டிலோரம் நின்றார். மெல்லக் கண்ணைத் திறந்து, சுவரைப் பார்த்து, சன்னலைப் பார்த்து, அவரைப் பார்த்தீர்கள். "என்ன டேப்பு, உனக்கு இவ்ளோ நரையா?" என்றீர்கள். வாசலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாங்கள் அத்தனை பேரும் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டோம். இரண்டாம் கண்ணும் தேறியபின் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தோம். முன்பு எடுத்ததில் முழுதாகத் திருத்த முடியாமல்போன ஒரு காட்சியில் பின்சுவர் நீலமாக மின்னியது. இருட்டில் உங்கள் குரல் எழுந்தது. "எவன்டா இந்தச் சுவத்துக்கு நீலம் அடிச்சது?"

கலை இயக்குநர் சட்டைப் பையிலிருந்து கண் மருத்துவர் கொடுத்த சீட்டை எடுத்து உங்கள் கையில் வைத்தார். நீங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு காட்சிகளின் வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பார்வை திரும்பிய பிறகும் ஏன் ஓய்வு என்று கேட்டோம். "முப்பத்தெட்டு வருஷமா எதப் பாத்தாலும் எவ்ளோ வெளிச்சம்னுதான் பாத்தேன். இனிமே சும்மா பாக்கணும்" என்றீர்கள். அதற்குமேல் எங்களுக்கு வாதம் இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் ஒரு பெருமூச்சு வருகிறது, நாளையிலிருந்து யாரும் கத்த மாட்டார்கள். அடுத்த மாதம் தொடங்கும் படத்துக்கு டேப்பு அண்ணன்தான் ஒளிப்பதிவாளர். வேலைப் பட்டியல் இப்போதே அச்சாகிவிட்டது. முதல் வரியை எடுத்துவிடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணாடி போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் என்று திட்டுவீர்கள் என்பதால் இந்த மடலைக் கண்ணாடி இல்லாமலே சட்டமிட்டிருக்கிறோம். எழுத்தும் பெரிது. அறுவைக்கு முன்பே எழுத்தின் அளவை அச்சகத்தில் சொல்லிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த கண்கள் தெளிவு குன்றாமல் திகழட்டும்! பார்க்கும் காலைகள் எல்லாம் பணியில்லாக் காலைகளாய்ப் பல்லாண்டு பெருகட்டும்! நோய் நொடி அண்டாமல், நினைத்த இடத்தில் நாற்காலி போட்டு, பத்து நிமிடம் என்ன, பகல் முழுதும் சும்மா உட்கார்ந்திருக்கும் பாக்கியம் உங்களுக்கு வாய்க்கட்டும்! வாழ்க நீவிர், வளர்க உங்கள் நிழல்!

இப்படிக்கு,

ஏணி ஏற முடியாத லைட் மாமா

மத்தியானத்துக்கு மேல் நிற்க முடியாத மேக்கப் அக்கா

காது கேட்காவிட்டாலும் உங்கள் திட்டை மட்டும் தவறவிட முடியாத கிளாப் தங்கை

இனி யார் சொன்னாலும் வெள்ளையில் நீலம் கலக்க முடியாத கலை இயக்குநர்

பொய் சொல்ல முடியாத டேப்பு

மற்றும், ஆளுக்கொரு குறையோடு உங்களால் நிறைந்த அறுபது பேர்

..............................

கடைசியில் விட்டிருக்கும் கோடு உங்களுக்கு. பேனா டேப்பு அண்ணனிடம் இருக்கிறது. பாட முடியாது என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம். வேறு எதை எழுதினாலும், அக்கா, நாங்க பாத்துக்கறோம்.